அளவு நோட்டில் முப்பத்தெட்டு

என் தங்கை கணவரின் இடுப்பளவு நாற்பத்தொரு அங்குலம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்வதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

எங்களுடையது தையற்கடைக் குடும்பம். அப்பா தொடங்கிய கடையை நான் நடத்துகிறேன். ஐந்து மெஷின், ஒரு கட்டிங் மேசை, ஏழு பேருக்கு வேலை. அப்பா இரண்டு வழக்கங்களை வைத்துவிட்டுப் போனார். அளவு நோட்டில் எண்ணை எழுதியதும் வாடிக்கையாளர் அதன் பக்கத்தில் தன் கையால் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது ஒன்று. நோட்டில் உள்ள எதுவும் கடை வாசலைத் தாண்டக் கூடாது என்பது மற்றொன்று. யாருக்கு ஒரு தோள் இறக்கம், எந்தப் பெரிய மனிதரின் கோட்டுக்குள் எவ்வளவு பஞ்சு என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். ஒரு ஊரே நம்மிடம் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதென்றால் அந்த நம்பிக்கையால்தான்.

தங்கை கணவரும் தையற்காரர். தொழிலில் எல்லாரும் அவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவின் எதிர்ச்சாரியில் சொந்தக் கடை வைத்திருக்கிறார். அவருடைய வெட்டில் குறை சொல்ல முடியாது. வாய் வேறு விஷயம். எங்கள் தொழிலில் யாரும் தன் துணியைத் தானே வெட்டிக்கொள்வதில்லை. தன் உடம்பென்றால் கை பொய் சொல்லும். தன் கடை ஆட்களிடம் அளவு கொடுக்க அவருக்குக் கூச்சம். அதனால் திருமணமான நாளிலிருந்து அவருக்குத் தைப்பவள் நான்.

முதல் முறை டேப்பைச் சுற்றியபோது அது நாற்பதைக் காட்டியது. அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "முப்பத்தெட்டுன்னு எழுதிக்கோங்க அண்ணி" என்றார். புது மாப்பிள்ளை. தங்கையின் முகத்துக்காக முப்பத்தெட்டு என்று எழுதினேன். அவர் ஒப்பம் போட்டார். துணியை நாற்பதுக்கு வெட்டினேன். பின்னாளில் நாற்பத்தொன்றுக்கு. நோட்டில் மட்டும் ஆண்டுக்காண்டு முப்பத்தெட்டு. "கல்யாணத்தப்ப என்ன அளவோ அதே அளவு, ஒரு நூல் கூடல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். நான் எதிரே உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்ததில்லை.

இனி என் வீட்டுப் பெண்ணைப் பற்றி.

அவள் என் தம்பி மகள். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்காகத் தொலைவில் இருப்பதால் ஏழு வயதிலிருந்து என்னோடு வளர்கிறாள். ஒல்லி, துறுதுறு, எங்கே விட்டாலும் உள்ளே நுழைந்து வெளியே வந்துவிடுவாள். கடையில் வைத்த பெயர் ஊசி. பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பதினாறு வயதில் அவளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டும் வீட்டுக்குள்தான். டாக்டர் தலையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதினார். "பசி கொஞ்சம் கூடலாம். எதுவா இருந்தாலும் வந்து சொல்லுங்க" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கவலை வேறாக இருந்தது. வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன்: "இது நாலு சுவருக்குள்ளயே இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சித்தி, சித்தப்பா, மாமா, யாரா இருந்தாலும் சரி."

"ஏன் அத்தை? காய்ச்சல் மாதிரிதான இதுவும்?"

"காய்ச்சல்னா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. இதை உன் நெத்தியில ஒட்டிடுவாங்க."

வலிப்பு நின்றது. எடை ஏறியது. ஐந்து மாதத்தில் பதினோரு கிலோ. முகம் வட்டமானது, என் கண்ணளவில் இடுப்பு இருபத்தாறிலிருந்து முப்பத்திரண்டானது. வளர்கிற வயசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளி ஸ்கர்ட்டின் ஒவ்வொரு தையலுக்குள்ளும் எப்போதும் இரண்டங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டேன். மூன்று முறை. கடையாட்கள் யாரும் பார்க்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நானே பிரித்து நானே தைத்தேன். அவளை நிற்கவைத்து அளவெடுக்கவில்லை. எடுத்தால் எழுத வேண்டும். நோட்டில் அவள் பக்கத்தில் போன ஆண்டின் இருபத்தாறையே இந்த ஆண்டுக்கும் எழுதிவைத்தேன்.

மூன்றாம் முறை பிரித்த அன்றுதான் கத்தரி உள்ளே வந்தார்.

"அண்ணி, நேவி ப்ளூ நூல் ஒரு கோன் இருக்கா? கடையில தீர்ந்துபோச்சு."

நான் உள்ளறையில் கோன் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது அவர் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் ஸ்கர்ட் உட்புறம் வெளியே தெரியக் கிடந்தது. பிரித்த தையலின் பழைய ஊசித் துளைகள் வரிவரியாக மூன்று கோடுகள். வேறு யார் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. ஒரு கட்டிங் மாஸ்டருக்கு அது அச்சடித்த செய்தித்தாள்.

"ஊசியோடதா?" என்றார்.

"வளர்ற பொண்ணு மாப்பிள்ளை."

"அதான" என்றார். நூல் கோனை வாங்கிக்கொண்டு, போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பார்வையின் பொருள் எனக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் புரிந்தது. அதுவரை ஊசி பள்ளியிலிருந்து வந்ததும் நேராகத் தன் அறைக்குப் போவதையும், ஸ்கர்ட்டுக்கு முன்னால் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும் பார்த்தேன். கேட்டால் "ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். பள்ளியில் ஒருத்தி, "ஊசி இப்ப கோணி ஊசி ஆயிடுச்சு" என்றாளாம். அது போனால் போகட்டும் என்று சிரிக்கக்கூடிய பேச்சு. அதற்குப் பிறகு வந்தது அப்படியல்ல.

தலைமையாசிரியை என்னை அழைத்தார். கதவைச் சாத்தினார். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பொண்ணு உடம்புல ஒரு மாற்றம் தெரியுது. பிள்ளைங்க ஏதேதோ பேசிக்கிறாங்க. டாக்டர்கிட்ட காட்டினீங்களா? எந்த டாக்டர்னு..."

மாசமாக இருக்கிறாளா என்று கேட்கிறார். அதைப் பஞ்சில் பொதிந்து கேட்கிறார்.

மாத்திரை என்ற ஒரு சொல் போதும். அந்த அறையிலேயே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் வலிப்பைச் சொல்ல வேண்டும். நான் எழுந்து நின்றேன். "என் வீட்டுப் பொண்ணைப் பத்தி இப்படிக் கேக்க உங்களுக்கு நாக்கு எப்படி எழுந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, கதவைத் திறந்துபோட்டபடி வந்தேன். முதுகு நிமிர்ந்திருந்தது. நிமிர்ந்த முதுகைத் தவிர அங்கே நான் எதையும் காப்பாற்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, கடை நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில், காஜா மெஷினுக்குப் பக்கத்தில் ஊசி விழுந்தாள். வலிப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டாள், சட்டையெல்லாம் ரத்தம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மடித்த துணியை வைத்து, இரண்டு நிமிடம் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நிமிடத்தைப் போல நீளமான எதையும் நான் அளந்ததில்லை.

அவள் விழுந்தபோது அலமாரியில் இடித்து, கீழ்த்தட்டிலிருந்த பழைய பட்டன் டப்பா கவிழ்ந்திருந்தது. கடையில் மூத்த தையற்காரி பட்டன்களைப் பொறுக்கி எடுத்தவள், உள்ளங்கையை நீட்டினாள். "அக்கா, இது துளையில்லாத பட்டனா இருக்கே?"

மாத்திரைகள். சட்டைப் பட்டன்களின் நடுவே, அதே வெள்ளை, அதே வட்டம். எண்ணினேன். இருபத்தாறு. பதின்மூன்று நாட்களாக அவள் விழுங்கவில்லை.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். "இந்த மருந்துல சிலருக்கு எடை ஏறும்மா. வந்து சொல்லியிருந்தா கொஞ்சம் கொஞ்சமா வேற மருந்துக்கு மாத்தியிருப்பேன். இப்படித் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. அஞ்சு மாசமா ஏன் வரல?"

மாத்திரையை நிறுத்தியதற்கு ஊசியிடம்தான் பதில் இருந்தது. வீங்கிய நாக்கோடு மெதுவாகச் சொன்னாள்: "இளைச்சுட்டா பேச மாட்டாங்கன்னு நெனச்சேன் அத்தை. மாமாவே சொல்லிட்டாராமே."

"எந்த மாமா?"

"நம்ம மாமாதான்."

நேராக நூல்கடைக்குப் போனேன். ஊரிலுள்ள தையற்காரர்கள் எல்லாரும் கூடுகிற இடம் அது. நூல்கடைக்காரர் எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். முதலில் மென்று விழுங்கினார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இங்க நின்னுதான் சொன்னார்மா. 'எங்க அண்ணி வீட்டு ஸ்கர்ட்டைப் பார்த்தேன், மூணு தரம் பிரிச்சிருக்கு. பள்ளிக்கூடம் போற பொண்ணுக்கு மாசா மாசம் எதுக்குப் பிரிப்பாங்க? தையல் பொய் சொல்லாது'ன்னு. நாலஞ்சு பேர் இருந்தாங்க. சிரிச்சாங்க."

"நீங்க?"

அவர் நூல் கோன்களை அடுக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு நடந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த மனிதரின் வயிற்றை என் நாக்குக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். அவரால் என் வீட்டுப் பெண்ணின் ஸ்கர்ட்டை ஒரு பகல் பொழுது காப்பாற்ற முடியவில்லை. சண்டை போடலாம். தெருவில் நின்று கத்தலாம். கத்தினால் இன்னும் நாலு பேர் கேட்பார்கள். எனக்கு வேறு வழி தெரியும். அது என் கைத்தொழில்.

அந்த மாதம்தான் தையற்கடைக்காரர் சங்கத்துக்குப் புதுத் தலைவராகக் கத்தரியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதவியேற்புக்குக் கோட்டும் பேண்ட்டும் வேண்டும். கரும்பச்சைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வந்தார்.

"அண்ணி, ஊசிக்கு உடம்பு சரியில்லையாமே? இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. அளவு எடுக்கலாமா மாப்பிள்ளை?"

"புதுசா என்ன எடுக்கறது? அதே முப்பத்தெட்டுதான். கத்தரிக்கு அளவும் மாறாது, நாக்கும் மாறாது" என்று சிரித்தார்.

"எழுதறேன். ஒப்பம் போடுங்க."

போட்டார். அவசரமாக, வழக்கம்போல வாலை நீட்டி.

"ட்ரயலுக்கு எப்ப வர்றீங்க?"

"உங்க கையில தைச்சதுக்கு எனக்கு ட்ரயலா? என்ன அண்ணி!"

அவர் போன பிறகு மேசைமேல் துணியை விரித்தேன். முப்பத்தெட்டுக்கு வெட்டினேன். அரை அங்குலம்கூட உள்ளே விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக எதையும் தைத்ததில்லை. தொடையிடுக்குத் தையலை இரட்டையாகப் போட்டேன். கொக்கியை எட்டுச் சுற்று சுற்றினேன். கோட்டுப் பட்டனுக்கு மெழுகு தடவிய நூல். பிரிந்தால் என் கடைக்கு அவமானம், பிரியக் கூடாது. விழா அன்று காலைதான் உறையில் போட்டுத் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன்.

பதினோரு மணிக்கு விழா. நூற்றைம்பது தையற்காரர்கள். மூன்றாவது வரிசையில் நானும் ஊசியும் உட்கார்ந்தோம். அவள் வர மாட்டேன் என்றாள். "வா. இன்னைக்கு நீ தலை குனிய வேண்டியதில்ல" என்று அழைத்து வந்திருந்தேன். கைப்பையில் டேப், மடியில் அளவு நோட்டு.

கத்தரி மேடைக்கு வந்தார். எப்படியோ அந்த உடுப்புக்குள் நுழைந்திருந்தார். முகம் சிவந்து, மூச்சை மேலேயே வைத்துக்கொண்டு, கட்டை போல நடந்தார். முன்வரிசையில் ஒருவர், "தலைவரானதும் என்ன விறைப்புப் பாரு" என்றார். பேச்சை நின்றபடியே இரண்டு வரியில் முடித்தார். பிறகு முன்னாள் தலைவர், எண்பது வயதிலும் ஊசி கோக்கிற மனிதர், மேசைமேலிருந்த பதிவேட்டைக் காட்டி, "உக்காந்து கையெழுத்துப் போடுப்பா" என்றார்.

"நின்னுக்கிட்டே போடறேனே."

"தலைவர் நின்னுக்கிட்டுப் போடுவாராக்கும்? உக்காரு."

உட்கார்ந்தார்.

மேசைமேல் மைக் இருந்தது. நூற்றைம்பது தையற்காரர்களுக்கும் தெரிந்த சத்தம் அது. நீளமாக, ஒரே இழுப்பில், அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கோட்டுப் பட்டன் துணியையும் பிய்த்துக்கொண்டு தெறித்து, முன்னாள் தலைவரின் காலடியில் உருண்டது. கத்தரி துள்ளி எழுந்து திரும்பினார். திரும்பியிருக்கக் கூடாது. பின்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது.

சிரிப்பு அடங்க நேரமானது. முன்னாள் தலைவர் பட்டனைப் பொறுக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நூல் அப்படியே நிக்குது. துணிதான் போயிருக்கு. யாரு தைச்சது?"

நான் எழுந்தேன். "நான்."

"வேணும்னே பண்ணியிருக்காங்க!" என்று கத்தரி அலறினார். "வேணும்னே குறைச்சு வெட்டியிருக்காங்க!"

நோட்டை மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் படித்தார். "இடுப்பு முப்பத்தெட்டு. ஒப்பம் உன்னோடதுதானேப்பா?" பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். "போன வருஷம் முப்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி முப்பத்தெட்டு. அடேயப்பா, கல்யாணத்துலேர்ந்து முப்பத்தெட்டு!"

மறுபடி சிரிப்பு. கத்தரி முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை நான் நன்றாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டேன். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

"நீங்க சொன்ன அளவு மாப்பிள்ளை. தையல் பொய் சொல்லாது" என்றேன்.

அடிபட்ட மனிதர் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார். அவரும் வீசினார். "அதே நோட்டுல உங்க வீட்டுப் பொண்ணு அளவும் இருக்குமே அண்ணி! அதையும் படிக்கச் சொல்லுங்க! எல்லாரும் கேக்கட்டும்!"

அரங்கம் அடங்கிவிட்டது. எல்லாருக்கும் அந்தப் பேச்சு தெரிந்திருந்தது என்பது அந்த அமைதியில்தான் எனக்குத் தெரிந்தது. நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். எனக்கு முன்னால் ஊசியின் கை நீண்டது. என் பின்னாலேயே மேடைக்கு வந்திருக்கிறாள்.

தன் பக்கத்தை எடுத்தாள். மைக்கிலேயே படித்தாள். "இருபத்தாறு." பிறகு என்னைப் பார்த்தாள். "ஒப்பம் இல்ல. இது பொய் அளவு."

என் கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தாள். அத்தனை பேர் முன்னால் தன் இடுப்பில் தானே சுற்றினாள். மூச்சை இழுக்கவில்லை.

"முப்பத்திரண்டு" என்றாள். "எனக்கு வலிப்பு வரும். அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். அதுல உடம்பு போட்டிருக்கு. டாக்டர் இப்ப மருந்தை மாத்தியிருக்கார். அவ்வளவுதான். மாமா, தையலைப் பார்த்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் பக்கக் கதவைப் பார்த்தார்.

"எனக்கு மாத்திரை. நாற்பத்தொண்ணுக்கு நீங்க என்ன சாப்பிடறீங்க மாமா?"

அவருடைய அளவை நான் அவளிடம் சொன்னதே இல்லை. கண்ணாலேயே எடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டுப் பெண் அல்லவா. அரங்கம் மேசையைத் தட்டிச் சிரித்தது. கத்தரி, கோட்டைக் கழற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கக் கதவு வழியே போனார். பதிவேட்டில் கையெழுத்து விழவில்லை. பழைய தலைவரே இன்னும் ஓராண்டு இருக்கட்டும் என்று முடிவானது.

வீட்டு வாசலில் நின்று ஊசி கேட்டாள்.

"மாமாவுக்கும் எனக்கும் ஒரே மாதிரி பண்ணியிருக்கீங்க. அவராவது கேட்டார், பொய் எழுதினீங்க. நான் கேக்கவே இல்லையே அத்தை. என்னைப் பார்த்து உங்களுக்கு என்ன வெக்கம்?"

அவர் வீசியதைவிட இது ஆழமாகக் குத்தியது. அவர்மேல் போட்ட பழியில் பாதி என் கணக்கில் இருந்ததை நான் மறைத்து வைத்திருந்தேன்; அவள் அதையும் அளந்துவிட்டாள். நோட்டைத் திறந்து இருபத்தாறை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதினேன். அவள் ஒப்பம் போட்டாள். திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய், மருந்துச் சீட்டை மேசைமேல் வைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினேன்.

அந்த வாரமே தங்கை கிழிந்த பேண்ட்டோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அவர் வெளியிலயே போக மாட்டேங்கிறார். இதையாவது தைச்சுக் குடு. நமக்குள்ள என்ன?"

"வை" என்றேன்.

கடையின் முன்பக்கம், தைத்து முடித்த உடுப்புகளைத் தொங்கவிடும் கம்பியில், கிழிசல் தெருவைப் பார்க்கும்படி மாட்டினேன். கீழே ஒரு சீட்டு: பெயரில்லை, எண் மட்டும். நாற்பத்தொன்று.

"அக்கா! எத்தனை நாளைக்கு?"

"அவ அஞ்சு வாரம் பையை முன்னால பிடிச்சுக்கிட்டு நடந்தா. அஞ்சு வாரம் தொங்கட்டும். அப்புறம் அவரே வந்து, அவ முன்னால நின்னு, சரியான அளவைச் சொல்லி ஒப்பம் போடட்டும். தைச்சுத் தர்றேன்."

தங்கை போய்விட்டாள். இன்று மூன்றாவது வாரம். எதிர்க்கடையில் அவர் ஷட்டரை அரைவாசிதான் தூக்குகிறார். ஊசி காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தக் கம்பிக்குக் கீழே நின்று, தெருவைப் பார்த்தபடி மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கிறாள். டப்பாவில் இப்போது பட்டன்கள் மட்டும்தான். நான் தினமும் பார்க்கிறேன்.